வரைபடத்தின் வலது மூலை

ஒரு பொறியியல் வரைபடத்தில் மிக முக்கியமான பகுதி எது என்று நம் துறை நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். முன்தோற்றம் என்பார் ஒருவர். அளவுகள் என்பார் இன்னொருவர். தாளின் வலது பக்கக் கீழ் மூலையில் இருக்கும் தலைப்புக் கட்டம் என்று சொல்பவரைக் காண்பது அரிது. சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்கள். "அது வெறும் பெயர் எழுதும் இடம்தானே!" என்பார்கள்.

ஆம், அது பெயர் எழுதும் இடம்தான். அதனால்தான் அது முக்கியம் என்பது என் கருத்து.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டும் தேசிய இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டும் பயின்று, இன்று பொறியியல் இறுதியாண்டில் இருப்பவன் நான். கணினியில் வரையக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து என் கண்ணில் படும் ஒரு பழக்கம் உண்டு. நாம் வரைபடத்தை இரவெல்லாம் விழித்து வரைகிறோம். விடியற்காலையில், ஒப்படைக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது, மூத்த மாணவர் ஒருவரின் கோப்பிலிருந்து தலைப்புக் கட்டத்தை நகலெடுத்து ஒட்டுகிறோம். பெயரை மாற்றுகிறோம். தேதியை மாற்ற மறக்கிறோம். அளவுவிகிதம் சரியா என்று பார்ப்பதில்லை. 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் யாரோ ஒருவரின் முதலெழுத்துகள் அப்படியே கிடக்கின்றன. பாடத்திற்கு மதிப்பெண் கிடைத்துவிடுகிறது; பழக்கம் மட்டும் நம்மோடு வேலைக்கும் வருகிறது.

பிற துறை வாசகர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். தலைப்புக் கட்டம் என்பது வரைபடத் தாளின் ஓரத்தில் அமையும் சிறு அட்டவணை. இந்த வரைபடம் எதைப் பற்றியது, யாருக்குச் சொந்தமானது, அதன் எண் என்ன, எத்தனையாவது தாள், எந்த நாளில் வெளியிடப்பட்டது, யார் வரைந்தார், யார் அங்கீகரித்தார் என்பவை அதில் இருக்கும். நம் நாட்டுத் தாள்களில் பெரும்பாலும் 'டிலுக்கிஸ்', 'டிசெமாக்', 'டிலுலுஸ்கான்' என மலாய்மொழியில் அச்சிட்டிருப்பார்கள். அதாவது வரைந்தவர், சரிபார்த்தவர், அங்கீகரித்தவர்.

இதற்கென்று அனைத்துலகத் தரமே உண்டு. ஐ.எஸ்.ஓ. 7200 என்பது அதன் எண். இப்போதுள்ள பதிப்பு 2004இல் வெளிவந்தது. அதன்படி கட்டத்தின் அகலம் 180 மில்லிமீட்டர். இந்த எண் எங்கிருந்து வந்தது? ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். கோப்பில் கோப்பதற்காக இடது ஓரத்தில் 20, வலது ஓரத்தில் 10 மில்லிமீட்டர் விட்டால் மிஞ்சுவது 180. ஏ4 முதல் ஏ0 வரை எந்தத் தாளுக்கும் ஒரே கட்டம் பொருந்துகிறது. கீழ் மூலையில் வைப்பதற்கும் காரணம் இருக்கிறது. ஏ1 போன்ற பெரிய தாளை முறைப்படி ஏ4 அளவுக்கு மடித்தால் அந்த மூலைதான் மேலே தெரியும். நூறு தாள்களை அடுக்கி வைத்தாலும் பிரிக்காமலேயே வேண்டியதை எடுக்கலாம். கட்டடக்கலை அலுவலகங்கள் பல இதை வலது ஓரத்தில் நெடுக்குப் பட்டையாக அமைப்பதும் உண்டு. வடிவம் மாறலாம், பயன் ஒன்றுதான்.

கட்டத்திலுள்ள தகவல் ஒன்று பிழைத்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். அளவுவிகிதத்தையே எடுத்துக்கொள்வோம். ஏ1 தாளுக்கு 1:100 என வரைந்த ஒரு வீட்டுத் திட்டத்தைச் செலவைக் குறைப்பதற்காக ஏ3 தாளில் அச்சிடுகிறோம். ஏ1 தாளின் நீளம் 841 மில்லிமீட்டர். ஏ3 தாளின் நீளம் 420. கோடுகள் எல்லாம் பாதியாகச் சுருங்கிவிடுகின்றன. தாளிலோ 1:100 என்றே இருக்கிறது. உண்மையில் அது இப்போது 1:200. அளவுகோலை வைத்துப் பார்ப்பவர் நான்கு மீட்டர் அறையை இரண்டு மீட்டர் என்று எண்ணிக்கொள்வார். '1:100, ஏ1 தாளில்' என்று சேர்த்து எழுதியிருந்தால் இந்தக் குழப்பம் இல்லை.

தோற்ற முறையின் குறியீடும் அப்படித்தான். வெட்டிய கூம்பு போன்ற அந்தச் சிறு படம், வரைபடம் முதல் கோண முறையிலா மூன்றாம் கோண முறையிலா என்பதைச் சொல்கிறது. அமெரிக்க நிறுவனங்கள் மூன்றாம் கோண முறையைக் கையாள்கின்றன; ஐரோப்பாவில் முதல் கோண முறையே வழக்கம். இரண்டு வகை நிறுவனங்களுக்கும் பாகங்கள் செய்து தரும் பட்டறைகள் ஜொகூரில் உண்டு. குறியீடு மாறினால் இடப்பக்கத் தோற்றத்தை வலப்பக்கத் தோற்றமாகப் படித்துவிடுவார்கள். துளை மறுபக்கத்தில் விழும்.

இவை ஏட்டுச் சுரைக்காய் அல்ல. தொழிற்பயிற்சியின்போது குளுவாங் வட்டாரத்தில் ஓர் இரும்புப் பட்டறைக்கு அடிக்கடி சென்று வந்தேன். ஒரு கூரைச் சட்டத்திற்கு அலுவலகத்திலிருந்து வரைபடம் போயிருந்தது. வீட்டு உரிமையாளர் கூரையின் உயரத்தை மாற்றச் சொன்னார். அலுவலகத்தில் வரைபடத்தைத் திருத்தி மீண்டும் அனுப்பினார்கள். ஆனால் திருத்த எண் போடவில்லை, தேதியையும் மாற்றவில்லை. ஒரே தலைப்பு, ஒரே எண், ஒரே தேதியுடன் இரண்டு தாள்கள் பட்டறையில் கிடந்தன. பழைய தாளைப் பார்த்து இரும்பை வெட்டிவிட்டார்கள். திட்டு வாங்கியவர் யார் தெரியுமா? பற்றவைக்கும் வேலை செய்த தமிழர் ஒருவர். "தம்பி, ரெண்டு பேப்பரும் ஒரே மாதிரிதானே இருக்கு. நான் எதைப் பார்த்து வெட்டுறது?" என்று அவர் கேட்டபோது அங்கிருந்த யாரிடமும் பதில் இல்லை. வீணான இரும்பின் விலையையும் அந்த ஒரு நாள் வேலையையும் ஒரு தடவை தட்டச்சு செய்தாலே காப்பாற்றியிருக்கலாம். 'திருத்தம் பி, உயரம் மாற்றப்பட்டது' என்ற ஒரு வரி போதும்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வரைபவர் குளிர்சாதன அறையில் சோம்பலால் விடும் ஒரு வெற்றிடம், வெயிலில் நிற்பவரின் தலையில் பழியாக இறங்குகிறது. தாளை நம்பி வேலை செய்பவருக்கு நம்மிடம் கேட்க வாய்ப்பில்லை. தாள்தான் நமக்குப் பதிலாக அவரிடம் பேசுகிறது. அந்தத் தாள் முழுமையாகப் பேச வேண்டாமா?

சரிபார்த்தவர், அங்கீகரித்தவர் என்ற கட்டங்களின் எடை இதைவிடப் பெரிது. 1981ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் ஹயாத் ரீஜன்சி தங்கும் விடுதியின் உள்ளே தொங்கவிடப்பட்டிருந்த நடைபாலங்கள் இடிந்து விழுந்தன. 114 பேர் மாண்டனர். முதலில் வரைந்த திட்டத்தில் மேல்பாலமும் கீழ்பாலமும் ஒரே நீண்ட கம்பியில் தொங்கின. செய்வதற்கு எளிதாக இருக்கட்டும் என்று பட்டறை வரைபடத்தில் அதை இரண்டு கம்பிகளாக மாற்றினார்கள். அந்த மாற்றத்தால் மேல்பாலத்தின் இணைப்பு தன் சுமையோடு கீழ்பாலத்தின் சுமையையும் தாங்க வேண்டியதாயிற்று. அதாவது இரண்டு மடங்கு. அந்த வரைபடத்தில் பொறியாளர் தரப்பின் ஒப்புதல் முத்திரை இருந்தது. ஆனால் அந்த இணைப்பை யாரும் மறுபடியும் கணக்கிட்டுப் பார்க்கவில்லை. பின்னர் பொறுப்பான பொறியாளர்கள் இருவரின் உரிமம் பறிக்கப்பட்டது. அந்த முத்திரையைப் பார்த்த பட்டறைக்காரர்கள் யாரோ கணக்குப் பார்த்துவிட்டார்கள் என்று நம்பியிருப்பார்கள் அல்லவா? பாராமல் இட்ட கையொப்பம் வெற்றிடத்தைவிட ஆபத்தானது. வெற்றிடமாவது நம்மை எச்சரிக்கும்.

நம் நாட்டுச் சட்டமும் இதை வெறும் சம்பிரதாயமாகக் கருதவில்லை. 1967ஆம் ஆண்டு பொறியாளர் பதிவுச் சட்டத்தின்படி, பொறியியல் திட்டங்களை அரசாங்க அதிகாரிகளிடம் சமர்ப்பிக்கும் உரிமை பதிவுபெற்ற நிபுணத்துவப் பொறியாளருக்கே உண்டு. 1984ஆம் ஆண்டு சீரான கட்டட துணைச் சட்டங்களின்படி, கட்டடத் திட்டத்தைச் சமர்ப்பிப்பவர் அது விதிகளுக்கு உட்பட்டது என்று உறுதி கூறி, முழுப் பொறுப்பையும் ஏற்றுக் கையொப்பமிட வேண்டும். 2007ஆம் ஆண்டு ஏப்ரல் 12 முதல், கட்டடத்தில் குடியேறலாம் என்னும் சான்றிதழை ஊராட்சி மன்றத்திற்குப் பதிலாகத் திட்டத்தைச் சமர்ப்பித்த நிபுணரே வழங்கும் முறை நடப்புக்கு வந்தது. பொறுப்பு ஆளைத் தேடி வருகிறது; அந்த ஆளின் பெயர் வரைபடத்தின் மூலையில் இருக்கிறது.

அப்படியிருக்க, மாணவப் பருவத்தில் நாம் எதைப் பழகுகிறோம்? நான்கு பேர் குழுவில் ஒருவர் வரைகிறார். 'வரைந்தவர்' இடத்தில் நான்கு பெயர்களும் ஏறுகின்றன. 'சரிபார்த்தவர்' இடத்தில், தாளைப் பார்த்தேயிராத நண்பரின் பெயரை நட்புக்காக எழுதுகிறோம். பெயரை இரவல் கொடுப்பதைப் பெருந்தன்மை என்று நினைக்கிறோம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? இன்று ஒரு பயிற்சித்தாளுக்கு இரவல் கொடுத்த பெயரை, நாளை ஒரு மேம்பாலத்திற்குக் கேட்டால் மறுக்கும் துணிவு நமக்கு எங்கிருந்து வரும்?

ஆகவே நான் சொல்ல விரும்புவது இதுதான்: தலைப்புக் கட்டத்தைக் கடைசியில் ஒட்டாதீர்கள், முதலில் வையுங்கள். ஆட்டோகேட்டில் இதற்கு ஒரு மணி நேரம் போதும். கட்டத்தின் கோடுகளை ஒருமுறை வரைந்து, மாறக்கூடிய ஒவ்வொரு தகவலுக்கும் 'அட்ரிபியூட்' அமைத்து, எல்லாவற்றையும் ஒரே 'பிளாக்' ஆக்குங்கள். அதை டெம்பிளேட் கோப்பில் சேமியுங்கள். இனி ஒவ்வொரு முறை நுழைக்கும்போதும் தலைப்பு என்ன, எண் என்ன, வரைந்தவர் யார் என்று மென்பொருளே கேட்கும். பிறரின் பெயர் தவறி உள்ளே தங்கிவிட வழியில்லை.

வைக்கும் இடத்திலும் கவனம் தேவை. கட்டடத்தை 'மாடல்' பகுதியில் முழு அளவில் வரைய வேண்டும். தலைப்புக் கட்டத்தை 'லேஅவுட்' பகுதியில், தாளின் உண்மையான அளவில் வைக்க வேண்டும். கட்டடத்தைச் சாளரம் போன்ற 'வியூபோர்ட்' வழியாக 1:100 என்று காட்டினால் போதும். கட்டத்தை மாடல் பகுதியில் வைப்பவர்கள் அதை நூறு மடங்கு பெரிதாக்க வேண்டியிருக்கும், 2.5 மில்லிமீட்டர் எழுத்தை 250 மில்லிமீட்டராக எழுத வேண்டியிருக்கும். விகிதம் மாறும்போதெல்லாம் மீண்டும் அதே வேலை. முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்களே, அது இதற்கும் பொருந்தும். தாளின் அளவும் விகிதமும் அலகும் முதலிலேயே முடிவானால் எழுத்தின் உயரம், கோட்டின் தடிப்பு எல்லாம் தாமாகச் சரியாகிவிடும்.

"இதெல்லாம் பழைய கதை. இப்போது எல்லாரும் முப்பரிமாண மாதிரிக்கு மாறிவிட்டார்கள். தாளே இல்லாத காலத்தில் தலைப்புக் கட்டம் எதற்கு?" என்று ஒரு நண்பர் என்னிடம் வாதிட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ரெவிட் மென்பொருளைத் திறந்து பாருங்கள். அங்கும் ஒவ்வொரு தாளுக்கும் தலைப்புக் கட்டம் உண்டு. கட்டடத் தகவல் மேலாண்மைக்காக 2018இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 19650 தரமும் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்த அடையாளம், திருத்த எண், எந்தப் பயனுக்கு உரியது என்னும் நிலைக்குறி ஆகியவற்றைக் கேட்கிறது. கட்டம் தாளிலிருந்து கோப்புக்குள் போயிருக்கிறது, கேள்விகள் மாறவில்லை. நம்மூருக்கு 2025இல் மின்சார ரயில் வந்ததை அறிவோம். கிம்மாஸ் முதல் ஜொகூர் பாரு வரையிலான அந்த இரட்டைத் தண்டவாளத் திட்டம் போன்ற ஒன்றில், பாலம், நிலையம், மின்கம்பி, சமிக்ஞை என்று எத்தனை குழுக்கள், எத்தனை வரைபடங்கள்! எண்ணும் திருத்தமும் ஒழுங்காக இல்லாவிட்டால் ஒரு குழு புதிய தாளையும் மறுகுழு பழைய தாளையும் பார்த்துக் கட்டும். அன்று பட்டறையில் நடந்ததே அங்கும் நடக்கும், செலவு மட்டும் பன்மடங்கு.

ரயில் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ஜொகூரின் ரயில்பாதை 1909இல் திறக்கப்பட்டது. மலாயாவின் தண்டவாளங்களிலும் சாலைகளிலும் தோட்டங்களிலும் நம் முன்னோர் சிந்திய வியர்வையை யாரும் மறுப்பதற்கில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் ரயில்வேயிலும் பொதுப்பணித் துறையிலும் எழுத்தர்களாகவும் தொழில்நுட்ப உதவியாளர்களாகவும் பணியாற்றினார்கள். ஆனால் மண் சுமந்தவரின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. லம்பாக், நியோர், பாலோ வட்டாரத் தோட்டங்களில் பால் மரம் வெட்டிய நம் பாட்டிமார் 'செக்ரோலில்' மட்டுமே பெயர் பார்த்தவர்கள். அதுவும் கூலிக் கணக்குக்காக.

பெயரைப் பதிவு செய்வது தமிழருக்குப் புதிது அன்று. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில், வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று கட்டியவரின் பெயர் இருக்கிறது. அங்குப் பணிபுரிந்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களும், அவர்கள் எந்தத் தெருவில் எந்த வீட்டில் குடியிருந்தார்கள் என்பதும் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு பெரும் பணியில் யார் என்ன செய்தார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எண்ணியிருக்கிறார்கள். அந்த மரபில் வந்த நாம் நமக்குக் கிடைத்த கட்டத்தை வெறுமையாக விடலாமா?

பெயரையும் ஒழுங்காக எழுதுவோம். நம்மில் பலருக்கு அடையாள அட்டையில் ஓர் எழுத்துக்கூட்டல், சான்றிதழில் இன்னொன்று, நண்பர்களிடையே மூன்றாவது. கட்டம் சிறியது என்று 'எஸ்.கே.' என முதலெழுத்துகளை மட்டும் போடுகிறோம். ஒரே அலுவலகத்தில் இரண்டு எஸ்.கே. இருந்தால், பத்தாண்டு கழித்து யாரைக் கேட்பது? த/பெ என்று தந்தையின் பெயரோடு முழுப்பெயரையும் எழுத இடமில்லை என்றால், கட்டத்தை அகலமாக்குவோமே. வரைபவர்கள் நாம்தானே!

இறுதியாக, நம் தமிழ் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். குளுவாங்கைப் போன்ற சிறு நகரங்களிலிருந்து நம் பிள்ளைகள் பலர் தொழிற்கல்வி முடித்து வரைவாளர்களாக வேலைக்குச் செல்கிறார்கள். மதிப்பான வேலை; ஐயமில்லை. ஆனால் இருபது ஆண்டுகள் கழித்தும் 'வரைந்தவர்' கட்டத்திலேயே பெயர் நின்றுவிட்டால் அது இழப்பு. வழிகள் அடைபட்டுவிடவில்லை. டிப்ளோமாவிலிருந்து பட்டத்திற்குப் போகலாம். அங்கீகாரம் பெற்ற பட்டம் பெற்றவர்கள் மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிந்து, அனுபவம் பெற்று, நிபுணத்துவத் தேர்வை எழுதலாம். தொழில்நுட்பர்களுக்கும் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த மலேசியத் தொழில்நுட்பவியலாளர் வாரியம் இருக்கிறது. பட்டம் பெற்ற மறுநாளே பதிவு விண்ணப்பத்தை நிரப்புங்கள். 'பிறகு பார்க்கலாம்' என்பவர்களின் பிறகு வருவதே இல்லை.

நம் கழகமும் இதில் பங்காற்றலாம். ஆண்டுக்கு ஒருமுறை, முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு மாலை நேரப் பட்டறை நடத்துவோம். தலைப்புக் கட்டம், அளவுவிகிதம், திருத்த எண், வரைந்தவர், சரிபார்த்தவர், அங்கீகரித்தவர் என்று தமிழிலேயே விளக்குவோம். மலாய், ஆங்கிலச் சொற்களும் உடன் இருக்கட்டும். தாய்மொழியில் புரிந்த பொருளை எந்த மொழியிலும் நிரப்பிவிடலாம்.

அடுத்த முறை கணினியைத் திறக்கும்போது, முதல் கோட்டைப் போடுமுன் அந்த மூலையை நிரப்புங்கள். எந்தத் தாளின்கீழ் உங்கள் பெயரை எழுதத் தயங்குகிறீர்களோ, அந்தத் தாள் இன்னும் வெளியே போகத் தயாராகவில்லை என்று பொருள்.